லோரிப் பாதையில் புல் வளர்த்தவன்

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் மலாயில் கேட்டீர்கள், நான் தமிழில் எழுதித் தருகிறேன். தோட்டத்து விஷயம் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வரும். யாராவது மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள்.

என் பெயர் பழனியப்பன். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக வெளிவேலைக் கங்காணி. என்மேல் இதுவரை ஒரு புகார் கிடையாது.

கடைசி லயத்து வீடுகளுக்கு மேலே ஒரு பழைய பாதை இருந்தது. கொழுந்து லோரி ஓடி ஓடி இறுகிப்போன மண். பார்த்தால் மண், குத்தினால் சிமெண்டு. மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே இறங்காது, ஓரத்து லொங்காங் கால்வாயில் ஓடிப் போய்விடும். புதுப் பாதை போட்டதும், பழையதில் தேயிலை நடலாமா என்று மேனேஜர் கேட்டார். எல்லோரும் கையை விரித்தார்கள். நான் முடியும் என்றேன்.

இறுகிய மண்ணைப் புரட்டக்கூடாது. நான்கு பல் வைத்த இரும்பு முள்ளைக் காலால் அழுத்தி இறக்கி, லேசாக நெம்பி, அப்படியே விட்டுவிட வேண்டும். மேலே தேயிலைச் செடியில் வெட்டிய கவாத்துக் குப்பையைப் பரப்பி, குவாத்தமாலா புல் நட்டு, இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். மீதியை வேரும் மண்புழுவும் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பாதையில் லோரி ஓட்டியவன் திருச்செல்வம், என் கூட்டாளி. கடைசி வீடு அவனுடையது. அவன் சமையல் செய்யும் குசினிச் சுவரை ஒட்டியே, பாதையைத் தாங்கும் மண்மேடு தொடங்கும்.

"இருவது வருஷமா நான் அமுக்குனத நீ முள்ள வச்சுக் கிண்டுறியா? உனக்கு வேற வேலையே இல்லையாடா?" என்று சிரிப்பான்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடுகளுக்கு மேலே பதினைந்து அடி மண்ணை யாரும் கொத்துவதில்லை, இளகினால் வீட்டின் மேல் சரியும். களையைக்கூடப் பிடுங்காமல் வெட்டித்தான் விடுவோம். புதிதாக வரும் ஆட்களுக்கு நானே இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பாதையில் பாதி அந்தப் பதினைந்து அடிக்குள் இருந்தது. அதை விட்டால் பாதித் தலை சிரைத்த மாதிரி இருக்கும். நான் விடவில்லை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

இரண்டாம் வருஷம் அந்த மண்ணில் என் கை முழங்கை வரை இறங்கியது. கோலாலம்பூரிலிருந்து வந்த பெரிய ஆட்களுக்கு மேனேஜர் அதைக் காட்டினார், படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்ப்பேன். பெற்ற மகளைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை என்று என் மனைவி சொல்வாள்.

அக்டோபரில் திருச்செல்வம் வந்தான்.

"பழனி, மழ இந்த ஊத்து ஊத்துது, லொங்காங்குல தண்ணியே வரலலா. எங்க போகுது?"

"மண்ணு குடிக்குதுடா."

"அப்ப என் குசினிச் செவுரு ஏன் ஈரமா இருக்கு?"

"பழைய செவுருலா அது."

நவம்பரில் மேட்டின் மேல் ஓரத்தில் ஒரு விரிசலைப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம், நாற்பது அடி நீளம். முள்ளின் காம்பை உள்ளே விட்டேன், கைப்பிடி வரை போயிற்று. மேடு இறங்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செய்ய வேண்டியதும் தெரியும். வீட்டு ஆட்களை வெளியேற்றி, மேட்டைக் கான்வாஸால் மூடி, மேனேஜரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் புல்லைப் பிடுங்கிவிட்டு, மண்ணை மறுபடி அமுக்கச் சொல்வார்கள்.

விரிசலில் கவாத்துக் குப்பையைத் திணித்தேன். மேலே மண் போட்டுப் புல் நட்டேன். அரை நாள் வேலை. முடித்த பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அன்று மாலை திருச்செல்வத்தின் மனைவி உமாதேவி வந்தாள்.

"அண்ணே, செவுத்துல சேறு வருது. மழ விடுற வரைக்கும் கம்போங் ராஜாவுல அக்கா வீட்ல போயி இருக்கலாமா? நீங்க சொன்னாத்தான் கெளம்புவேன்னு இவரு சொல்றாரு."

"ஒன்னும் ஆகாதும்மா. வீட்லயே இருங்க," என்றேன். அவர்கள் கிளம்பினால் ஏன் என்று மேனேஜர் கேட்பார். வந்து பார்ப்பார்.

மூன்றாம் நாள் பிற்பகல் மேடு இறங்கியது. உமாதேவி தொழிற்சாலையில் வேலையாக இருந்தாள். திருச்செல்வம் வீட்டில் படுத்திருந்தான். மழையால் நடந்தது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அவனைக் கொன்றது நான். சோற்றில் கை வைத்தால் அவன் முகம் வருகிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். தீயணைப்புப் பொம்பாக்காரர்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். சரியாமல் நின்ற புல் பகுதியைத் தாண்டினால் வீடு. நான் குறுக்கே போய் நின்றேன். இந்தப் பக்கம் ஆபத்து, கீழ்ப்பாதையில் சுற்றிப் போங்கள் என்று மலாயில் சொன்னேன். ஆபத்து ஒன்றும் இல்லை, அந்த இடம் கெட்டியாகத்தான் நின்றது. கங்காணி சொல்கிறாரே என்று நம்பிச் சுற்றிப் போனார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. திருச்செல்வத்தை வெளியே எடுத்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போங்கள், ஐயா, நான் மறுக்க மாட்டேன். அந்தப் புல் பகுதி மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது. விசாரணைக்கு வருகிறவர்களிடம் சொல்லுங்கள், யாரும் அதில் கால் வைக்க வேண்டாம்.