பத்தொன்பது மரபணுக்களின் பட்டியல்

எங்கள் ஆய்வகக் கணினிகளின் மேல் ஒரு பச்சைப் பை சோள நொறுக்குத்தீனி இருக்கும். பை இருந்தால் இயந்திரம் முரண்டு பிடிக்காது என்பது தைவானில் எல்லோருக்கும் தெரியும். காலாவதியாவதற்குள் புதுப் பை வைக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் மறந்ததில்லை. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள், நான் பொறுப்பில்லாதவன் அல்ல என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாயிரம் சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தோம். நோயோடு நிச்சயமாகத் தொடர்புள்ள மரபணு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தனியாக நின்றால் வாய் திறக்காத மரபணுக்கள், ஒரே வேலையைச் செய்பவற்றைக் கூட்டமாகச் சேர்த்தால் பேசும். அது எங்கள் தொழிலின் பாலபாடம். நாலாயிரம் கூட்டங்களைச் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. கூட்டத்தை முடிவு பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும் என்பது விதி. நான் முடிவுகளைப் பார்த்து, வரிசையில் மேலே நின்ற பத்தொன்பது மரபணுக்களைப் பொறுக்கி, கூட்டத்துக்கு ஒரு பெயரும் வைத்து, பட்டியலில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியைப் போட்டேன். மாநாட்டில் கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்தை அடக்கும் மருந்து ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

என் உதவியாளர் சூ-பெய், சிறுநீரக நோயாளியான தன் அம்மாவையும் அதில் சேர்த்துவிட்டாள். மறுநாள் ஒரு சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள்.

"அம்மா உங்களுக்குன்னே பன்றிக்கறி செஞ்சு குடுத்தாங்க சார். 'உங்க சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு ஒரே பெருமை."

கறி நன்றாக இருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவளே பட்டியலோடு வந்து நின்றாள்.

"சார், ஏழாவது மரபணுவுக்கு இந்தப் பேரு போன வருஷந்தானே வெச்சாங்க? மூணு வருஷம் முன்னாடி நீங்க எப்படி எழுதினீங்க?"

"பழைய பேரை நான்தான் அப்புறம் மாத்தினேன்மா. அம்மாவை மாத்திரையை விடாம சாப்பிடச் சொல்லு."

நம்பிப் போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது உண்மை.

மருந்து சாப்பிடுபவர்களின் நிலையைக் கவனிப்பதும் என் பொறுப்புதான். முதலில் ஒரு முதியவர் கல்லீரல் கெட்டு இறந்தார். வயது என்று எழுதினேன். அடுத்து ஒரு மீனவர், அவருக்கும் கல்லீரல். குடி என்று எழுதினேன். மூன்றாவது சூ-பெய்யின் அம்மா. ஏற்கெனவே பலவீனமான உடம்பு என்று எழுதினேன்.

மூன்றையும் ஏன் சேர்த்துப் பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். முடிவு தெரிந்த பிறகு கூட்டம் சேர்ப்பது விதிக்குப் புறம்பானது, ஐயா.