தெருப் பேரைச் சொல்லாதீங்க

– ஊர் முழுக்கச் செக்கச்செவேல்னு கெடக்கு. இது வரைபடமா அம்மணி, இல்ல கசாப்புக் கடையா?

– சிரிக்காதீங்க ரெய்னோ. சிவப்பு அடிச்ச தெருவுக்குத்தான் பனி தள்ளுற லாரி முதல்ல போகணும். அதுக்குத்தான் அந்த நிறம்.

– லாரி அனுப்பி அனுப்பியே தலை நரைச்சவன்கிட்ட பாடம் எடுக்காதீங்க. ஊர்ல அத்தனை தெருவும் சிவப்பா இருந்தா எந்தத் தெருவுக்கு முதல்ல அனுப்புறது? சீட்டுக் குலுக்கிப் போடவா?

– அதுக்காகத்தானே தலைமை அலுவலகத்தை விட்டுட்டு உங்க லாரி நிலையத்துல வந்து உக்காந்திருக்கேன்? ராத்திரி புயல் வர்றதுக்குள்ள பொய்யான சிவப்பை எல்லாம் எடுத்தாகணும். எதை எடுக்கறதுங்கறது உங்க முடிவு. அழிக்கிறது என் வேலை.

– நகராட்சில வேலை பாக்குற யாரு வேணாலும் இந்தக் கம்ப்யூட்டர் வரைபடத்துல எழுதலாம், யாரு எழுதினதை யாரு வேணாலும் திருத்தலாம். அதுக்கு ‘நம்ம பலகை’ன்னு ஒரு பேரு. காவலுக்கு ஆள் வேண்டாம், நம்பிக்கையே காவல்னு மைக்ல பேசினது யாரு? கோலெட் அம்மணி. கேக் வெட்டினது யாரு? கோலெட் அம்மணி.

– அந்தக் கேக்கை நீங்களும்தான் தின்னீங்க.

– கேக் நல்லா இருந்துச்சு. இந்தத் திட்டத்துலயே பொய் கலக்காதது அது ஒண்ணுதான்.

– நம்பிக்கை வச்சா மனுஷங்க நேர்மையா நடந்துப்பாங்கன்னு நெனச்சேன்.

– மனுஷங்க நடந்துப்பாங்க. நகராட்சி ஆளுங்க நடந்துக்க மாட்டானுங்க. வரி வசூல் பண்றவன் தன் தெருவைச் சிவப்பாக்கினான். அதைப் பாத்துட்டுக் குடிநீர்க்காரன் தன் மாமியார் தெருவைச் சிவப்பாக்கினான். பூங்காத் துறை அம்மா இருக்காங்களே, அவங்க நாய்க்கு முடி வெட்டுற கடை இருக்கற தெருவுக்கே அடிச்சிருக்காங்க. உங்க தெரு என்ன நிறம்?

– ஒரு நிமிஷம்... அது வந்து, நான் அடிக்கல. யாரோ அக்கம்பக்கத்துல அடிச்சிருக்காங்க.

– நீங்க எடுக்கவும் இல்ல.

– எடுக்கல. இதோ, இப்ப எடுத்துட்டேன். போதுமா? உங்க தெரு?

– என் தெருவுக்கு எப்பவும் கடைசியாத்தான் லாரி போகும். புயல் ஓஞ்சு ஊரே வழிச்சு முடிச்சப்புறம்தான் ரெய்னோ வீட்டு வாசலுக்கு வரும். எந்த ஓட்டுநரை வேணாலும் கேளுங்க. அதுல எனக்கு ஒரு திமிரு உண்டு.

– திமிரு இருக்கட்டும். உங்க ஓட்டுநர்கள் பலகைல ஒரு வரி கூட எழுதலையே. எந்த இறக்கத்துல வண்டி வழுக்கும், எந்த முக்குல ஏரிக் காத்து பனியைக் கொண்டுவந்து குவிக்கும், எல்லாம் அவங்க தலைக்குள்ளயே இருக்கு.

– அங்கயே இருக்கட்டும். குப்பை வண்டிக்காரங்க நல்ல பிள்ளைங்களா அத்தனையும் எழுதிக் கொடுத்தாங்களே, இப்ப எங்க இருக்காங்க? அவங்க எழுதினதை வச்சுக்கிட்டு ஒப்பந்தக்காரன் ஓட்டுறான்.

– அது நான் எடுத்த முடிவு இல்ல.

– நீங்க எந்த முடிவும் எடுக்கறதில்ல. கேக் மட்டும்தான் வெட்டுவீங்க.

– பேசும்போதே நெஞ்சைத் தேய்க்கிறீங்களே.

– என் பொண்டாட்டி ஐலி சுட்ட பேஸ்டி, கறியும் கிழங்கும் அடைச்ச ரொட்டி. உருளைக்கிழங்கு போட வேண்டிய எடத்துலயும் வெங்காயத்தை அடைச்சு வச்சிருக்கா. நெஞ்சு கரிக்குது. அந்த வெள்ளை மாத்திரை டப்பாவை இப்படித் தள்ளுங்க.

– வந்ததுலேருந்து பாக்குறேன், மிட்டாய் மாதிரி மென்னுட்டே இருக்கீங்க.

– ஐலி மாதிரியே பேசாதீங்க, வீட்டுக்கு ஒருத்தி போதும். அவளும் நகராட்சி நூலகத்துல புத்தகம் அடுக்குற நேரம் போக உங்க பலகைல எதையோ தட்டிக்கிட்டுத்தான் இருக்கா. எங்கிட்டப் பேசுறதைவிட அதுகிட்டப் பேசுறதுதான் அதிகம்.

– சரி, ஆரம்பிக்கலாம். முதல் தெரு...

– தெருப் பேரைச் சொல்லாதீங்க! எழுதினவன் பேரும் வேண்டாம். பேரைக் கேட்டுட்டு அழிச்சா ‘ரெய்னோ வஞ்சம் தீத்துக்கிட்டான்’னு நாளைக்கே சங்கத்துல பேசுவானுங்க. கதையை மட்டும் படிங்க. பொய்யா நெசமான்னு கேட்ட மாத்திரத்துல சொல்லிடுவேன்.

– சிவப்பு போயிட்டா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்தத் தெருவுக்கு லாரி கிடையாது. அதை மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க.

– தெரியும். படிங்க.

– ‘பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. உடனே வழி வேண்டும்.’

– எப்ப எழுதினது?

– அக்டோபர்ல.

– அன்னிலேருந்து வலிக்குதா? பாவம், அந்தக் குழந்தை இந்நேரம் தவழ ஆரம்பிச்சிருக்கும். அழிங்க.

– ‘பள்ளிப் பேருந்து திரும்பும் இடம். குழந்தைகளின் உயிர் முக்கியம்.’

– புயல் அன்னிக்குப் பள்ளிக்கூடமே லீவு. அழிங்க.

– ‘தெருமுனையில் தீயணைப்புக் குழாய் உள்ளது.’

– எந்தத் தெருமுனையில இல்ல? கதை கட்டக்கூடத் துப்பில்லாதவனுக்கு நகராட்சியில சம்பளம் வேற. அழிங்க.

– ‘வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார்.’ இது ஒரு தெரு இல்ல ரெய்னோ. இதே வரி, ஒரு சொல் மாறாம, வரிசையா எத்தனையோ தெருவுல இருக்கு.

– பாத்தீங்களா, பாத்தீங்களா! ஒருத்தன் சிறுநீரகத்தை ஊரே பங்கு போட்டுக்கிச்சு. எல்லாத்தையும் அழிங்க.

– பொறுங்க. முதல்ல எழுதினவர் ஆஸ்பத்திரி பேரும் போன் நம்பரும் போட்டிருக்கார். மத்தியானமே கூப்பிட்டுக் கேட்டுட்டேன். அது நெசம்.

– அப்ப அதை வச்சுக்கிட்டு மத்ததை அழிங்க.

– அந்த ஒண்ணை நீங்க அழிக்கச் சொன்னீங்க. நான் கேக்காம விட்டிருந்தா?

– ஒண்ணு தப்பாத்தான் போகும். இத்தனை பொய்க்கு நடுவுல ஒரு நெசம் மாட்டிக்கிட்டா பழி என் மேலயா, பொய் சொன்னவனுங்க மேலயா? அடுத்தது படிங்க. வெளிய இருட்டிக்கிட்டு வருது.

– ‘இந்த வீட்டில் ஒருவருக்கு அடிக்கடி நெஞ்சு வலி வருகிறது. டாக்டரிடம் போக மறுக்கிறார். எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. பனி கிடந்தால் ஆம்புலன்ஸ் ஏறாது.’

– ஆஸ்பத்திரி பேரு?

– இல்ல.

– டாக்டர் பேரு?

– போகவே மாட்டேங்கறார்னுதானே எழுதியிருக்கு.

– வசதியா இருக்கு இல்ல? போன் பண்ணி விசாரிக்க ஒரு ஆள் கெடையாது. இருக்கறதுலயே சோம்பேறித்தனமான பொய் இதுதான். நெஞ்சு வலிச்சா எவனும் டாக்டர்கிட்ட ஓடுவான் அம்மணி. ஓடலைன்னா வலி இல்லன்னு அர்த்தம்.

– சில பேர் ஓட மாட்டாங்க.

– அப்படி ஒரு மடையன் இருந்தா அவனுக்காக என் லாரி மேடேறணுமா? தன் உசுரு மேல அவனுக்கே அக்கறை இல்ல. அவனை வச்சுக் குடும்பம் நடத்துறாளே, அவளைச் சொல்லணும். அழிங்க.

– இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கு.

– வேண்டாம், அழிங்க.

– மத்ததை எல்லாம் முழுசாப் படிச்சேன், இதையும் படிச்சுட்டே அழிக்கிறேன். ‘டாக்டரைப் பார்க்கச் சொன்னால், நீ அள்ளிப் போடுகிற வெங்காயம்தான் காரணம் என்று சிரிக்கிறார். வெங்காயம் போடுவதை நிறுத்தி வெகு நாளாகிறது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.’

– கையை எடுங்க. அழிச்சிடாதீங்க. எந்தத் தெரு அது?

– தெருப் பேரு வேண்டாம்னு நீங்கதானே...

– மிச்சத்தைப் படிங்க, கோலெட்.

– ‘இதைப் படிப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் உங்களை நம்புகிறேன். லாரி அனுப்பும் ரெய்னோவிடம் மட்டும் இந்த முடிவை விட்டுவிடாதீர்கள். அவர் இதை அழித்துவிடுவார்.’