நன்றியுரையில் என் பெயர்

இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும் சார். பைண்டிங் போடும்போது பாதி உள்ளே போய்விடும். சொன்னால் பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள், மறுமுறையும் ஒரு அங்குலத்தோடு வந்து நிற்பார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. கிழக்குத் தாம்பரத்தில் கடை திறந்த நாளிலிருந்து, ஆய்வேடுகளை விதிப்படி அடுக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

நீங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து விசாரிக்க வந்தவர், மரியாதையாகவும் பேசுகிறீர்கள். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இதில். அது சுபத்ரா உட்காருவது.

இங்கே வருகிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. திரையைப் பார்ப்பார்கள், மணியைப் பார்ப்பார்கள். அட்டை போட்ட ஆய்வேடு கைக்கு வந்து மாடிப்படி இறங்கினால் அதோடு சரி, ஸ்டேஷனில் எதிரே வந்தாலும் என்னை அடையாளம் தெரியாது. நன்றியுரையில் நெறியாளர், கடவுள், மாமியார், ஹாஸ்டல் சமையல்காரர் எல்லாரும் இருப்பார்கள். அத்தனை பேரையும் வரி இடைவெளி பார்த்து நிறுத்திக் கொடுக்கிற என் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. வயிற்றெரிச்சல் இல்லை என்றால் அது பொய்.

சுபத்ரா முடிச்சூர்ப் பெண். பள்ளிக்கரணைச் சதுப்பில் மீன் பிடித்துப் பிழைத்த குடும்பங்களைப் பற்றி ஆய்வு. 2023 புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து லேப்டாப் போய்விட்டது. நெறியாளர் சிவப்புப் பேனாவால் திருத்திய பழைய தாள்களை மட்டும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தாள். "சார், இங்கயே உக்காந்து டைப் பண்ணிக்கட்டுமா? வீட்ல இன்னும் சேறு போகல" என்றாள். இரண்டாவது கம்ப்யூட்டரைக் கொடுத்தேன். பென் டிரைவில் ஏற்றினால் வைரஸ் வரும், எல்லாம் இங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். நம்பினாள்.

டைப் அடித்துக்கொண்டே பேசுவாள் சார். அம்மாவின் முட்டி வலி, மேடவாக்கத்தில் பஸ் நகராத கதை, சதுப்புக்கு வந்த பூநாரைகள். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். என்னை அப்படிக் கேட்க ஆளில்லாமல் போய் ரொம்பக் காலமாகிறது. கீழே டீக்கடை வைத்திருக்கும் சிட்டிபாபு இரண்டு கிளாஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னா சார், மூஞ்சே வேற மாதிரி கீது" என்று கிண்டலடிப்பார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளிடம் தவறாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்குப் போதும்.

முதல் முறை சமர்ப்பித்தபோது பக்க எண்களை வேறு இடத்தில் வைத்தேன். உங்கள் அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள், அவள் திரும்பி வந்தாள். அடுத்த முறை இடது ஓரத்தைக் குறைத்தேன். மறுபடி வந்தாள். "என் நேரமே சரியில்ல சார், உங்களைத்தான் படுத்துறேன்" என்று என்னிடமே வருத்தப்பட்டாள். பரவாயில்லைம்மா என்றேன்.

பிறகு கடைசிக் கெடு வந்தது. அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை, பட்டம் கைக்கு வந்தால் உறுதி, அம்மாவோடு அங்கேயே போய்விடுவாளாம். ஆய்வேட்டை மதிப்பிடப்போவது பேராசிரியர் லோகநாதன் என்று நெறியாளர் சொன்னாராம். "அவர் புக்கை வெச்சுத்தான் சார் நான் எழுதவே ஆரம்பிச்சேன்" என்றாள். அப்புறம் நன்றியுரையை அடித்தாள். கடைசி வரியில் நான் இருந்தேன். 'பொறுமையின் மறுபெயரான சத்தியநாதன் சாருக்கு நன்றி. இனி அவருக்கு என்னால் தொந்தரவு இருக்காது.'

அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று கிளம்பினாள். "நீங்களே பார்த்து அனுப்பிடுங்க சார். நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி." எங்கள் தொழிலில் அப்படித்தான். கடைசிப் பிரதியை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அதற்குள் அவர்களுக்கு அலுத்துப் போயிருக்கும். காப்பியடித்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனையும் முந்தைய பிரதியிலேயே முடிந்திருந்தது.

லோகநாதன் எழுதியதை எடுத்தாண்ட இடங்களை எல்லாம் அவள் விதிப்படி தனியே உள்ளே தள்ளி, அவர் பெயரும் ஆண்டும் போட்டிருந்தாள். நான் அவற்றை வெளியே இழுத்து அவளுடைய பத்திகளோடு சேர்த்தேன். பெயரை எடுத்தேன். பின்னால் நூற்பட்டியலிலும் எடுத்தேன். ஒரே எழுத்து, ஒரே இடைவெளி. அவருடைய வாக்கியம் எங்கே முடிந்து அவளுடையது எங்கே தொடங்குகிறது என்று எனக்கே பிடிபடவில்லை. வேலை சுத்தமாக இருந்தது. அனுப்பினேன்.

திருத்தத்துக்குத்தான் திரும்பி வரும் என்று நினைத்தேன், இப்படி எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம். தன் எழுத்தை இன்னொருத்தி பெயரில் படிக்கிற பேராசிரியர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். திருட்டு என்று எழுதினார். நீங்கள் அவளுடைய ஆய்வுப் பதிவை ரத்து செய்தீர்கள். மதுரை வேலை போயிற்று.

ஒரே ஒரு முறை வந்தாள். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். "சார், நான் பேர் போட்டேனே? நீங்க பார்த்தீங்கதானே?" என்று கேட்டாள். ஞாபகமில்லையேம்மா என்றேன். அனுப்பிய பிரதியைத் திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நானே விட்டுட்டேனா?" என்றாள். டீ சொன்னேன். குடிக்கவில்லை.

அதன் பிறகு வரவில்லை. சிட்டிபாபுவின் தங்கை அவர்கள் தெருவில்தான் இருக்கிறாள். "அந்தப் பொண்ணு ரூமை வுட்டு வெளியவே வர்றதில்லையாம் சார். சோறுகூட துன்றதில்லையாம். அம்மா அழுதுகினே கீதாம், பேஜாரா கீது" என்றார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

அவள் அடித்த அசல் பிரதி அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அதைக் காட்டினால் அவள் மீதிருக்கும் பழி போய்விடும். பாஸ்வேர்டு உங்களுக்குச் சொல்ல மாட்டேன் சார், அவளிடம்தான் சொல்வேன். நன்றியுரையை மட்டும் நான் தொடவேயில்லை என்றும் அவளிடம் சொல்லுங்கள். தொந்தரவு என்று எழுதிவிட்டாள், பாவம். அவள் எனக்கு என்றைக்குத் தொந்தரவாக இருந்தாள்? அதை அவளே வந்து உட்கார்ந்து திருத்தட்டும்.