அருவியின் மேல் விழுந்த பழியை நீக்கிய மருத்துவருக்கு

எங்கள் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் உயர்திரு டாக்டர் தில்லைநாயகம் அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உவந்தளிக்கும் பாராட்டு மடல்

தென்காசி, 1966

சாரல் நாளிலும் சட்டை நனைய நடந்து வந்த சான்றோரே, பிணியுற்றோர் பக்கத்தில் பாதி வாழ்நாளைக் கழித்த பெருந்தகையீர், கடிந்து பேசினாலும் கைவிட்டுப் போகாத கனிவாளரே, வணக்கம்.

தாங்கள் இம்மருத்துவமனைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அன்று பென்சிலின் என்ற பெயரை இவ்வூரில் பாதிப் பேர் கேட்டதில்லை. காய்ச்சலில் கழுத்து விறைத்து வந்த பிள்ளைகளை வீட்டார் அழுதுகொண்டே கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் அழுதுகொண்டே கொண்டுபோனார்கள். இன்று அப்படி வரும் பிள்ளைகளில் பலர் தாமே நடந்து வீடு திரும்புகிறார்கள். இந்த மாற்றம் மருந்தால் வந்தது என்று தாங்கள் சொல்வீர்கள். மருந்து எல்லா ஊருக்கும்தான் வந்தது என்று நாங்கள் சொல்கிறோம்.

தங்கள் கோபத்தைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் பொய்யாகிவிடும். கை கழுவாமல் கட்டுப் பிரித்தவரைத் தாங்கள் பார்த்த பார்வையை அவர் மறக்கவில்லை. ஆறிப்போன காப்பியை மறுபடி சுடவைத்துத் தந்தாலும் அதையும் ஆறவிட்டே குடித்தீர்கள். தங்கள் கையெழுத்தைப் படிக்க எங்கள் கம்பவுண்டர் செல்லப்பா அண்ணாச்சி ஒருவரால்தான் முடியும். அவரும் சில நாளில் பாதியை ஊகித்துத்தான் படித்தார் என்பதை இன்று சொல்லிவிடுமாறு கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமைதோறும் வெளிநோயாளிகள் போன பிறகு, தபாலில் வந்த மருத்துவ இதழைப் பிரித்து வைத்து, புதிய ஆராய்ச்சிகளை எங்களுக்குத் தமிழில் சொன்னீர்கள். ஆயாவும் காவலாளியும்கூட உட்கார்ந்து கேட்கலாம் என்றீர்கள். மூளையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது என்பதும், அந்த உறையில் கிருமி இறங்கினால் வருவதே மூளையுறைக் காய்ச்சல் என்பதும் எங்களில் பலருக்கு அப்படித்தான் தெரிந்தது. அந்த நோய் ஒன்று, கிருமிகள் பல. சில தொண்டையில் தங்கி அங்கிருந்து ஏறும். சில, சீழ் வடியும் காதிலிருந்து உள்ளே போகும். ஆகவே காது வடிகிற பிள்ளையை வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. இன்னொன்று காசநோய்க் கிருமி. அது மெல்ல வரும், வாரக்கணக்கில் பிள்ளையைச் சோர வைக்கும், பிறகு ஒரே நாளில் கழுத்தைப் பிடிக்கும்.

மூன்றாண்டுக்கு முன் அமெரிக்கப் படைமுகாம்களில் ஒருவகை மூளையுறைக் கிருமி சல்பா மாத்திரைக்கு அடங்காமல் போனது என்ற செய்தியைத் தாங்கள் படித்த மாலை எங்களுக்கு நினைவிருக்கிறது.

"அப்போ கிருமியும் நம்ம ஊரு மாடு மாதிரிதானா டாக்டரய்யா? அடிச்ச கம்புக்குப் பழகிருதோ?" என்று செல்லப்பா அண்ணாச்சி கேட்டார்.

"ஆமாவே. அதனாலதான் தும்மினவனுக்கெல்லாம் கம்பை எடுக்காதேயும்னு உம்மகிட்ட சொல்லுதேன்" என்றீர்கள். அண்ணாச்சி அன்று முதல் சல்பா டப்பாவை மேல்தட்டில் வைத்துவிட்டார்.

இவையெல்லாம் தங்கள் அறிவுக்குச் சான்று. தங்கள் நெஞ்சுரத்துக்குச் சான்றாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறாண்டுகளாக அதைத் தாங்களும் வெளியில் சொன்னதில்லை, நாங்களும் சொன்னதில்லை. இன்று சொல்ல அனுமதி கிடைத்திருக்கிறது. யாரிடமிருந்து என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

1960ஆம் ஆண்டு குற்றாலத்தில் நல்ல சீசன். குத்துக்கல்வலசைப் பக்கத்துத் தறிக்காரர் முகம்மது இஸ்மாயில், தம் ஐந்து வயது மகள் நூர்நிஷாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், வாந்தி; வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டாள். "அருவி அடிச்சிட்டு டாக்டரய்யா. ரெண்டு நாளா எண்ணெய் போட்டு நீவிப் பாத்தாச்சு, கழுத்து மடங்கல" என்றார்.

அருவி அடி என்பது வெளியூரில் இல்லாத நோய். தண்ணீர் பலமாக விழும் இடத்தில் கழுத்தைக் கொடுத்து நின்றவருக்கு மறுநாள் கழுத்து பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தேய்த்தால் விடும். சீசனில் இங்கே வாரத்துக்குப் பத்துப் பேராவது அதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். அதனாலேயே, கழுத்து விறைத்தால் எதையும் அருவி அடி என்று எண்ணும் பிழை நம் ஊருக்கு மட்டுமே உரியது. தாங்கள் பிள்ளையைப் படுக்கவைத்துத் தலையின் கீழ் கையைக் கொடுத்து மெல்லத் தூக்கினீர்கள். முகவாய் நெஞ்சைத் தொடவில்லை. தலை எழும்பும்போதே முழங்கால்கள் தாமாக மடங்கின. தாங்கள் எங்களைப் பார்த்தீர்கள். இது அருவி அடி அல்ல, மூளையுறைக் காய்ச்சல் என்று எங்களுக்குப் புரிந்தது.

முதுகெலும்பிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றபோது இஸ்மாயில் பிள்ளையை அணைத்துக்கொண்டார். "முதுகுத்தண்டுல குத்தினா காலு விளங்காதுன்னு சொல்லுதாவளே டாக்டரய்யா."

தாங்கள் கோபப்படவில்லை. "செல்லப்பா, இங்கன வந்து திரும்பி நில்லும்" என்றீர்கள்.

"ஊசி எனக்கா?"

"உமக்குப் போட்டு என்ன பிரயோசனம்? குனியும்."

அண்ணாச்சியின் முதுகில் விரலை வைத்து, நரம்புத்தண்டு இந்த இடத்தோடு முடிகிறது, ஊசி போகும் இடம் அதற்கும் கீழே, அங்கே நீரில் மிதக்கும் இழைகள்தாம் இருக்கும், தறியில் பாவு நூல் விலகுவதுபோல அவை ஊசிக்கு விலகிக்கொள்ளும் என்று இஸ்மாயிலுக்குக் காட்டினீர்கள். நூல் விலகுவது அவருக்குத் தெரிந்த விஷயம். அவர் கையைத் தளர்த்தினார்.

எடுத்த நீர் சீழாக இல்லை. குழாயில் அசையாமல் வைத்தோம். மறுநாள் காலையில் சிஸ்டர் வடிவம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது சிலந்தி நூல்போல ஒரு மெல்லிய வலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. காசநோய்க் கிருமியின் அடையாளம். அன்றே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் மாத்திரைகளும் தொடங்கின. "உயிருக்குப் போராடிப் பாப்போம். இந்த நோவும் ஊசியும் காதைக் கெடுக்கலாம்; காதுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்று இஸ்மாயிலிடம் முதல் ஊசிக்கு முன்பே சொன்னீர்கள்.

சிறு பிள்ளைக்கு இந்த நோய் காற்றில் தானாக வராது, பக்கத்தில் இருமும் பெரியவர் ஒருவரிடமிருந்து வரும் என்று சனிக்கிழமைப் பாடத்தில் தாங்கள் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பெரியவர் யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். இஸ்மாயிலின் மைத்துனர் மசூது. அதே தறியில் வேலை, அதே வீட்டில் சாப்பாடு. இஸ்மாயிலின் மூன்று பிள்ளைகளும் அவர் பக்கத்தில்தான் தூங்குவார்கள். நூர்நிஷாவை அருவிக்குத் தூக்கிப்போனவரும் அவரே. பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, உள்ளேயும் வராமல் வீட்டுக்கும் போகாமல் கிடந்தார்.

சிஸ்டர் வடிவம்மாள் தங்களிடம் கேட்டார். "அவரு ஏற்கெனவே ஒடைஞ்சு கெடக்காரு டாக்டர். அருவின்னே நெனச்சுக்கிடட்டும். இருமல் மருந்துன்னு சொல்லி மாத்திரையக் குடுத்துருவோம்."

"எதுக்குன்னு தெரியாம ஒரு மனுசன் ஒரு வருசம் மாத்திரை முழுங்குவானா சிஸ்டர்? இருமல் நிக்கும், மாத்திரையும் நிக்கும். அந்த வீட்டுல இன்னும் ரெண்டு சின்னப் பயலுவ இருக்கானுவ."

இவ்வளவு சொல்லிவிட்டுத் தாங்கள் போய் மரத்தடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"மசூது, அருவி ஒண்ணும் பண்ணல."

"நான்லா தூக்கிட்டுப் போனேன்."

"போறதுக்கு முன்னால பிள்ளை எப்படி இருந்தா?"

"ரெண்டு வாரமா சொணங்கிக் கெடந்தா. வெளையாட வரல, சோறு எறங்கல. அருவியில நின்னாத் தெளிஞ்சுருவான்னு நெனச்சேன்."

"அப்போ நோவு முன்னால வந்திருக்கு, அருவி பின்னால வந்திருக்கு. பின்னால வந்தது மேல பழி போடலாமா?"

மசூது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பாரம் இறங்கிய அழுகை. அத்தோடு எழுந்து வந்திருந்தால் எங்களில் ஒருவரும் தங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டோம். தாங்கள் எழவில்லை.

"இருமல் எத்தன நாளா இருக்கு?"

"அது பஞ்சுத் தூசி டாக்டரய்யா. தறிக்காரனுக்கெல்லாம் உள்ளதுதான்."

"இருக்கலாம். சளியப் பாத்தாத் தெரிஞ்சுரும்."

சளியில் கிருமி தெரிந்தது. மறுநாள் முடிவைக் கேட்க வந்தவர், "அப்போ என்கிட்ட இருந்துதான் பிள்ளைக்குப் போச்சா?" என்றார். தாங்கள் தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"போயிருக்கும்னுதான் நெனைக்கேன்" என்றீர்கள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மேலும் சொன்னீர்கள்: "திருடன் வாசல் வழியாத்தான் வாரான். அதுக்காவ வாசல்மேல யாராவது கேஸ் போடுவாவளாவே? அவன் நுழைஞ்சது உமக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்ச பெறகு சாத்தணும்லா."

"எப்படிச் சாத்த?"

"மாத்திரையால. நல்லாயிட்டுன்னு நீரே நெனச்சாலும், நான் போதும்னு சொல்லுத வரைக்கும்."

இஸ்மாயில் மைத்துனரைத் தொலைவில் உள்ள காசநோய் மருத்துவமனைக்கு அனுப்பிவிடத் தயாராக இருந்தார். அனுப்பியிருந்தால் தெருவுக்குத் தெரிந்திருக்கும். மசூதுக்குப் பெண் கொடுக்கவும் ஆள் இருந்திருக்காது. சென்னையில் அப்போதுதான் முடிந்திருந்த ஆராய்ச்சியைத் தாங்கள் எடுத்துச் சொன்னீர்கள். வீட்டிலேயே இருந்து ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்களும் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களுக்குச் சமமாகக் குணமானார்கள், அவர்களால் வீட்டாருக்குக் கூடுதல் தொற்று வரவில்லை என்பது அதன் முடிவு. மசூது வீட்டிலேயே இருந்தார், பிள்ளைகளை விட்டுத் தள்ளிப் படுத்தார், ஓராண்டுக்கு மேல் மருந்து சாப்பிட்டுத் தேறினார். சின்னப் பிள்ளைகள் இருவரையும் சோதித்து, காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி போடத்தக்கவனுக்குப் போட்டு, மற்றவனைத் தங்கள் கண்காணிப்பில் வைத்துக்கொண்டீர்கள். இருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

நூர்நிஷா பிழைத்தாள். வலது காது கேட்காது. அதை ஒரு வெற்றி என்று யாராவது பேசினால் தாங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அவளிடம் பேசும்போது மறக்காமல் இடப்பக்கம் போய் நிற்பீர்கள். இன்று அவள் முன்வரிசையில், இந்த மடலைப் படிப்பவருக்கு இடது காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள்.

பெரியீர், தாங்கள் காத்த இரகசியத்தை நாங்களாக உடைக்கவில்லை. போன வாரம் இம்மடலை எழுதத் தொடங்கியபோது மசூது வந்தார். இப்போது அவருக்கு மனைவியும் ஒரு கைக்குழந்தையும் உண்டு.

"எம்பேரப் போட்டு எழுதுங்க" என்றார்.

"தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவளே" என்றார் சிஸ்டர்.

"பேசட்டும். எங்க வலசைக்கு பி.சி.ஜி. ஊசிக்காரவ வரப்போறாவ. ஊசி போட்டாப் புண்ணாவும்னு எங்காளுவ பிள்ளைகள ஒளிச்சு வைக்காவ. இத்தன நாளும் டாக்டரய்யா வந்து சொன்னாவ, எங்காளுவ கேட்டாவ. இனி யாரு சொன்னாக் கேப்பாவ? எங்கதையக் கேட்டாத்தான் தூக்கிட்டு வருவாவ." இதையும் சொன்னார்: "அன்னைக்கு அவிய சொல்லாம விட்டிருந்தா, நான் அருவியத் திட்டிக்கிட்டு, பயலுவள மடியில வச்சுக்கிட்டே இருந்திருப்பேன்."

இதற்குமேல் தங்களைப் பாராட்ட எங்களுக்குச் சொல் கிடைக்கவில்லை.

இனிக் காலைக் காப்பியைச் சூடு ஆறுமுன் குடிக்கும் ஓய்வு தங்களுக்கு வாய்க்கட்டும். யாரும் கூப்பிடாத மாலைகளில் துணைவியாருடன் சாரலில் நடந்து வாருங்கள். கண்ணும் காதும் காலும் தெளிவாக நூறாண்டு நிலைத்து நில்லுங்கள். நாங்கள் தவறு செய்தால் வழக்கம்போல் வந்து கடிந்துகொள்ளுங்கள்.

இம்மடலைக் கண்ணாடி போட்டுத் தங்கள் இல்லத்துக்குத் தருகிறோம். இதன் படி ஒன்றையும் கண்ணாடி போட்டிருக்கிறோம். மசூது கேட்டபடி, ஊசி போட வருவோர் மேசை போடும் வலசைத் தறிக்கூடத்தில், பிள்ளையைத் தூக்கி வருவோர் கண்ணில் படும் உயரத்தில், அது நாளைக் காலை மாட்டப்படும்.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
மருத்துவமனைச் செவிலியர், கம்பவுண்டர், ஆயாக்கள், ஊழியர்
தென்காசி