மாற்றாமல் விட்ட எண்

அவைக்குத் தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் ஹேமலதா அம்மையார் அவர்களே! லாஸ்பேட்டை கணினி மன்ற ஆண்டு விழாவுக்கு அலுவலகத்தையும் அடுத்த வேலையையும் ஒதுக்கிவைத்து வந்திருக்கும் பெரியோர்களே! மின்விசிறி எட்டாத மூலையிலும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மேடையின் இந்த ஓரத்தில் புருஷோத்தமனாகவும் அந்த ஓரத்தில் குத்புதீனாகவும் விலகி உட்கார்ந்திருக்கும் என் அருமைத் தம்பிகளே! அனைவருக்கும் வணக்கம்.

தமிழாசிரியனுக்குக் கணினி மேடையில் என்ன வேலை? வாழ்த்துரை என்றுதான் அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். வாய் வரவில்லை.

முத்தியால்பேட்டையில் ஒரு தையல் கடை மாடி. அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து இவர்கள் இருவரும் ஒரு வலைத்தளம் செய்தார்கள். திறந்தால் போதும், ரத்தம் கொடுப்பவர் பெயரும் கைப்பேசி எண்ணும் கிடைக்கும். பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதினார்கள். எளிய தளம்! ஏழைக்கு எட்டிய தளம்! எத்தனையோ உயிரை எமன் கையிலிருந்து இழுத்துவந்த தளம்!

தளம் வளர்ந்தது; மொழியை மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றட்டுமே! புதுவையில் பிறந்தவனுக்கு மொழி மாறுவது புதிதா? வீட்டில் தமிழ், மேரி என்கிற நகராட்சி மன்றத்தில் பிரெஞ்சு, வேலைக்கு மனுப்போட ஆங்கிலம்! கைதட்டாதீர்கள், கதை இனிமேல்தான்.

மொழி மாறினால் அதற்கொரு ஃபிரேம்வொர்க் வேண்டுமாம். வீடு கட்டுகிறவனுக்குத் தூணும் உத்தரமும் முன்பே நிறுத்திக் கொடுப்பது மாதிரி. பைத்தான் மொழிக்குப் போவோம், அதற்கு ஜாங்கோதான் தூண் என்றார் புருஷோத்தமன். ரூபி மொழிக்குப் போவோம், அதற்கு ரெயில்ஸ்தான் என்றார் குத்புதீன். ஜாங்கோவா, ரெயில்ஸா? ரெயில்ஸா, ஜாங்கோவா? டீக்கடையில் சண்டை, கடற்கரையில் சண்டை, கல்யாணப் பந்தியில் சண்டை! ஒரு மேசை இரண்டானது. ஆளுக்கொரு தூண் நட்டார்கள். கூரை போடத்தான் ஒருவருமில்லை.

என்ன தம்பி? "எது சார் பெஸ்ட்டு?" என்கிறார் பின்வரிசை மாணவர். அதைத்தானப்பா இவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. புதியது வரும்வரை பழையதில் யாரும் கைவைக்கக் கூடாது. அந்தத் தொழிலில் அது வழக்கமாம். என் கைப்பேசி எண் மாறியபோது நானே மாடியேறிப் போய்ச் சொன்னேன். "புதுசு வந்துக்கினே இருக்குது சார், அதுல போட்டுர்றோம்" என்றார் குத்புதீன். புருஷோத்தமனும் தலையாட்டினார்.

போன ஐப்பசியில் பிள்ளைச்சாவடி வீராயி அம்மாவின் மகள் தனக்கொடிக்குப் பிரசவத்துக்கு முன்பே ரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ் ரத்தம் கையில் இருந்தால்தான் அறுவை சிகிச்சை என்றார் மருத்துவர். தளத்தைத் திறந்தார்கள். அந்த வகைக்கு அதில் ஒரே பெயர். அழைத்தார்கள், எண் உபயோகத்தில் இல்லை. மறுபடி அழைத்தார்கள்; உபயோகத்தில் இல்லை.

அந்த ஒரே பெயர் என் பெயர்! நான் எங்கே இருந்தேன்? இதே லாஸ்பேட்டையில், மத்தியானச் சாப்பாடு முடித்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து ரத்தம் வந்துசேரப் பொழுது சாய்ந்துவிட்டது. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனேன். ஜாங்கோ, ரெயில்ஸ் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். வீராயி அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் வாத்தியாரே. அந்த நம்பர மாத்திப் போட எவ்ளோ நேரம் புடிக்கும்?"

அந்தக் கேள்வியைத்தான் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இன்றுவரை நெஞ்சு ஆறவில்லை.

தம்பி புருஷோத்தமா! தம்பி குத்புதீன்! உங்கள் புதுத் தளங்களைக் காட்டத்தான் இங்கே கணினியும் திரையும் வைத்திருக்கிறார்கள். காட்டுங்கள், பார்க்கிறோம். பைத்தானும் வாழட்டும், ரூபியும் வாழட்டும்! ஆனால் இப்போது திரையில் தெரிவது பழைய தளம். நான்தான் திறக்கச் சொன்னேன். என் பெயர் தெரிகிறதா? பக்கத்தில் எண் தெரிகிறதா? இன்றைக்கும் அதே பழைய எண்!

எழுந்து வாருங்கள், இருவரும். புது எண்ணைச் சொல்கிறேன். ஒருவர் தட்டுங்கள், ஒருவர் சரிபாருங்கள். தாய்மார்களே, நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீராயி அம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நேரம் காதுகொடுத்த அவைக்கு நன்றி. வணக்கம்.