மூடி திறந்தாலும் ஓடும்

மூடியைத் திறந்தால் தானாக நின்றுவிடும் துணி துவைக்கும் இயந்திரத்தைத்தான் வாங்க வேண்டும். இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் நான் இலவசமாகக் கொடுத்துவரும் அறிவுரை இது. இலவசம் என்பதால் யாரும் கேட்பதில்லை. போன வசந்தத்தில் உங்கள் வீட்டு இயந்திரத்துக்கு அந்த மூடிச் சுவிட்சை மாற்றியது நான்தான் சார். உங்கள் மனைவி பீச் பழம் வைத்துச் சுட்ட பை கொடுத்தார். சுவிட்சை விட அது நன்றாக இருந்தது.

ராய்ஸை விட்டுவிடுங்கள். என் அக்கா மேவிஸைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அவன் செய்யாத தப்பு இது ஒன்றுதான். அதற்குப் போய் அவனை லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள்.

நான் முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்கப் போன கதையைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் ஆர்கன்சாவில் பிறந்து, தலை வழுக்கையாகும்வரை ஒரு பிஸ்டல்கூட வாங்காதவன் நான். சர்ச்சில் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். என் பட்ஜெட் சின்னது; அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராய்ஸிடம் பழைய பிஸ்டல் ஒன்று இருந்தது. மேவிஸ் பெட்டி கட்டும்போதெல்லாம் அவன் அதை எடுத்துவருவான். அவள் எதற்காகப் பெட்டி கட்டினாள் என்பதை மருத்துவமனைக்காரர்கள் சொல்வார்கள். கதவில் இடித்துக்கொண்டேன், படியில் விழுந்தேன் என்று அவள் சொன்னதையெல்லாம் கேட்டவர்கள் அவர்கள். ராய்ஸ் சமையலறை நடுவில் நின்று, துப்பாக்கியைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை இழுப்பான். ஒன்றும் ஆகாது. உடனே மண்டியிட்டு அழுவான்.

"பாத்தியா மேவிஸ்? நீ என்னை விட்டுப் போகக் கூடாதுன்னு கடவுளே சொல்றாரு."

மேவிஸ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பெட்டியைப் பிரித்துவிடுவாள்.

ஒருமுறை அந்த நாடகத்தின் முடிவில் நான் போய்ச் சேர்ந்தேன். ராய்ஸ் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் டயர் விளம்பரத்துக்கே அழுகிறவன். அப்போது அவன் பின்பாக்கெட்டில் ஏதோ கட்டியாகக் கையில் பட்டது. தோட்டாக்கள் நிறைந்த மேகசின், பிஸ்டலின் பிடிக்குள் செருகுகிற பெட்டி. படுக்கையறையிலேயே கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் சாக வந்திருக்கிறான்.

மேகசினைக் கழற்றினாலும் குழலுக்குள் ஒரு தோட்டா இருக்கும். ஆனால் அவனுடைய பழைய பிஸ்டலில் ஒரு பூட்டு உண்டு. மேகசின் உள்ளே இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது. மூடி திறந்தால் நிற்கும் இயந்திரம் மாதிரி. கடவுள் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தார்.

இதை மேவிஸிடம் சொன்னேன். என் முட்டாள்தனங்களில் இதுதான் முதலாவது. இனி பயப்படாமல் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அடப்பாவி, இவ்வளவு நாளா என்னை ஏமாத்திட்டிருந்தானா? சரி விடு. அது சுடாதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே எனக்கென்ன பயம்?"

"அப்ப என்னோட வா."

"பயமே இல்லேங்கிறேன். அப்புறம் எதுக்குடா வரணும்?"

அந்தக் குளிர்காலத்தில் அவள் கை முறிந்தது. கோழிக்கூட்டுக் கதவு என்றாள். அந்தக் கோழிகளை விற்றே ஒரு வருடம் ஆகியிருந்தது. அடுத்த கதவு அவளைக் கொன்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. போலீஸிடம் போகலாம்தான். போயிருந்தால் நீங்கள் அவளைக் கேட்டிருப்பீர்கள்; அவள் கதவைத்தான் காட்டிக் கொடுத்திருப்பாள்.

கோடையில் ராய்ஸ் டிரக்கைப் பழுதுபார்க்கப் பணமில்லாமல் பிஸ்டலை விற்றுவிட்டான். "பொறந்தநாள் வருது மச்சான், புதுசா ஒண்ணு வாங்கிக் குடேன்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். நான் ஓப்பலின் கடைக்குப் போனேன். ஒரு பக்கம் தூண்டில் புழு, ஒரு பக்கம் துப்பாக்கி விற்பாளே, அந்த ஓப்பல்.

"உனக்கா?" என்று கேட்டாள்.

"மச்சானுக்கு."

"அவனுக்கு உன்னைப் பிடிக்குமா?"

"ரொம்ப."

"அப்ப சரி. பிடிக்காதவனுக்கு வாங்கினா, அவன் உன்னைச் சுடுறதுக்கு முன்னால என் கடை பாக்கியக் கட்டிட்டுப் போன்னு சொல்லியிருப்பேன்."

என் பட்ஜெட்டைச் சொன்னேன். புழு வாங்கவா வந்தாய் என்று கேட்டுவிட்டு, இரண்டை எடுத்துத் துணிமேல் வைத்தாள். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

"இதுல மேகசினைக் கழட்டிட்டா சுடாது. வீட்ல விவரம் தெரியாத ஆளு இருந்தா இதை எடு."

"அது?"

"அது கழட்டினாலும் சுடும். குழல்ல ஒண்ணு கிடந்தா போதும். விவரம் தெரிஞ்சவனுக்கு உள்ளது."

"என் மச்சான் விவரமானவன்" என்றேன்.

பிறந்தநாளன்று ராய்ஸ் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பழசு மாதிரியேதானே?" என்று கேட்டான்.

"அச்சு அசல்" என்றேன். கேக்கில் எனக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தான்.

நான் யாரையும் சுடச் சொல்லவில்லை சார். துப்பாக்கியைத் தலையில் வைக்கச் சொல்லவும் இல்லை. அவன் மனைவியை மிரட்டாமல் இருந்திருந்தால் அது இழுப்பறையிலேயே துருப்பிடித்துக் கிடந்திருக்கும். முடிவை அவனிடமே விட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன்பின் நன்றாகத் தூங்கினேன்.

மேவிஸிடம் சொல்லியிருக்கலாம். இது பழையது மாதிரி இல்லை, இது சுடும் என்று. ஒரே வாக்கியம். ஆனால் அவள் அவனிடம் சொல்லிவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள். கையை முறித்தவனுக்குக் குளிராமல் இருக்கக் கம்பளி பின்னுகிறவள்.

மிச்சத்தை ராய்ஸ் உங்களிடம் சொல்லியிருப்பான். இந்த ஒரு தடவை அவன் சொல்வதை நம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி பெட்டி கட்டினாள். அவன் படுக்கையறைக்குப் போனான். மேகசினைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தான். துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்தான். மேவிஸ் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "குடு இங்க. நீ செத்தது போதும், இன்னைக்கு என் முறை. கடவுள் எனக்கென்ன சொல்றாருன்னு பாப்போம்" என்று அவன் கையிலிருந்து பிடுங்கித் தன் நெற்றியில் வைத்து விசையை இழுத்தாள்.

அவளுக்கு ஜோக் அடிக்கத் தெரியும். எங்கள் இருவருக்குமே அது அம்மாவிடமிருந்து வந்தது.

அது சுடாது என்று அவளுக்குச் சொன்னது நான். சுடுகிறதைப் பார்த்து வாங்கியதும் நான். ராய்ஸ் விசையைத் தொடவே இல்லை.

பட்ஜெட், பட்ஜெட் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். எப்படியும் ஓப்பலிடம் போய்க் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். பூட்டு வைத்ததுதான் விலை குறைவு. அது என் கையிலிருந்த பணத்துக்குள் வந்தது. மற்றதற்கு நாற்பது டாலர் குறைந்தது. கடையிலிருந்து நேராக மேவிஸ் வீட்டுக்குப் போனேன். ராய்ஸுக்குப் பரிசு வாங்கப் பணம் குறைகிறது என்றேன். பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முறிந்து சேர்ந்த கையால் காசு டப்பாவைத் திறந்து, நோட்டெல்லாம் மாவு அப்ப எடுத்துக் கொடுத்தாள்.

"காசைப் பாக்காதடா. நல்லதா வாங்கு" என்றாள்.

நல்லதாகத்தான் வாங்கினேன் சார்.