ஸ்டாப் பட்டன் மேல் ஒரு விரல்

— போதும் மாப்பிள்ளை. மிக்ஸர் தொட்டியை விட்டு வெளிய வாங்க.

— ஒரு நிமிஷம் மாமா. சூடு பார்க்கற சென்சாருக்கு ஒயர் மாட்டிட்டேன். பேனல்ல லைட் எரியுதா?

— எரியுது. கூடவே ஸ்டார்ட் லைட்டும் எரியுது. ஸ்டார்ட்டை யாரும் தொடலை.

— எங்கயோ ஒயர் மாறியிருக்கும். மெயின் சுவிட்சை அணைச்சுப் பூட்டிட்டுத்தானே இறங்கினேன், சாவி என் பாக்கெட்ல இருக்கு.

— பூட்டு ரெண்டாம் நம்பர் மிக்ஸரோட மெயின்ல தொங்குது. நீங்க இருக்கறது ஒண்ணாம் நம்பருக்குள்ள.

— மூடி திறந்திருக்கே மாமா. எப்படி ஓடும்?

— டெஸ்ட் பண்ணணும்னு மூடி சுவிட்சோட ரெண்டு ஒயரையும் நீங்கதானே நேரா சேர்த்து லூப் போட்டீங்க? மூடியிருக்குன்னுதான் பேனல் நினைச்சுக்கிட்டிருக்கு. பதறாதீங்க. ஸ்டாப் பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கேன். விரலை எடுத்தா பிளேடு சுத்தும்.

— மெயினை அணைச்சுடுங்களேன்.

— அது அந்தக் கோடியில இருக்கு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள உங்க கதை முடிஞ்சுடும். எல்லாரும் சாப்பிடப் போயாச்சு, கத்திப் பார்த்துட்டேன்.

— ஷூ பிளேடுக்கு அடியில மாட்டிக்கிச்சு. இழுத்தா வரலை.

— லேஸை அவிழுங்க. நிதானமா.

— மாமா, பயமா இருக்கு.

— எனக்கும்தான். விரல் மரத்துப் போச்சு.

— முடிச்சு வேற இறுகிக்கிச்சு. மாமா? மாமா, இருக்கீங்களா?

— இருக்கேன், இருக்கேன்.

— ஏன் இப்படி மூச்சு வாங்குது?

— ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை, ஒரு விஷயம்...

— முதல்ல நான் சொல்லிடறேன். ஒருவேளை நான் வெளிய வரலைன்னா உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. பழைய வேலை போனதை மறைச்சது நான். எங்க அம்மா கேட்டப்போ, அவதான் மறைக்கச் சொன்னான்னு அவ தலையில கட்டிட்டேன். ரெண்டு மாசமா உங்க வீட்டுல இருக்கா. எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது?

— ம்.

— தினமும் உங்ககூட வேலை செய்யறேன், ஒரு வார்த்தை கேட்டதில்ல நீங்க. அதுதான் ரொம்ப வலிச்சது. தப்பு என்னோடதுதான் மாமா. எங்க அம்மா முன்னாடியே அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.

— சரி. கால் வந்துச்சா?

— வந்துடுச்சு. ஷூ உள்ளயே கிடக்கட்டும். இதோ ஏறிட்டேன், விரலை எடுங்க. மாமா, நீங்க ஏன் மெயின்கிட்ட நிக்கறீங்க?

— விரல் நழுவிடுச்சு. மோட்டார் ஏன் ஓடலைன்னு இப்பவும் தெரியலை. ஓடிவந்து அணைச்சுட்டேன்.

— எப்போ?

— நீங்க முடிச்சோட மல்லாடிக்கிட்டிருந்தப்பவே. சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள நீங்க என் பொண்ணு பேச்சை எடுத்துட்டீங்க.